அமெரிக்க உயிரியல் பிஎச்.டி: விண்ணப்பத்திலும் இன்டர்வியூ காத்திருப்பிலும் நடக்கும் தவறுகள்

ஜனவரி இரண்டாம் வாரம் பிறந்தால் போதும், ஜூனியர்களிடமிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "அக்கா, இன்னும் ஒரு இன்டர்வியூ மெயில்கூட வரலை. அவ்வளவுதானா?" டிசம்பர் 1-ஆம் தேதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, ஆறு வாரமாகப் போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகள். நானும் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படிக் காத்திருந்தவள்தான். அவர்களுடைய விண்ணப்பங்களை வாங்கிப் படித்துப் பார்த்தால், திறமை இல்லாமல் தவறிப்போனவை குறைவு. நல்ல வேலை செய்திருந்தும், அந்த வேலையில் தன் கை எங்கே இருந்தது என்று காட்டாமல் போனவைதான் அதிகம்.

தவறு பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் உயிரியல் பிஎச்.டி சேர்க்கை இரண்டு விதமாக நடக்கிறது. ஹார்வர்டின் பிபிஎஸ் (BBS), யேலின் பிபிஎஸ், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிபிபிஎஸ் (DBBS) போன்ற உயிரியல், உயிர்மருத்துவப் படிப்புகள் குடை அமைப்புகள். பல துறைகள் சேர்ந்து மாணவர்களை எடுக்கும். தேர்வு செய்வது ஒரு குழு. முதல் வருடம் பெரும்பாலும் மூன்று லேப்களில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு (இதுதான் ரொட்டேஷன்), பிறகுதான் கைடைத் தேர்ந்தெடுப்பீர்கள். இங்கே ஒரு பேராசிரியருக்கு மெயில் அனுப்பி இடம் வாங்கிவிட முடியாது. சூழலியல், பரிணாமவியல் துறைகளில் கதை வேறு. "இந்த மாணவரை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு பேராசிரியர் முன்வராவிட்டால், பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம் நகரவே நகராது. அக்டோபருக்குள் அவருக்கு எழுதிப் பேசியிருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குடை அமைப்புகளில் சேர விரும்பும் மாலிக்யுலர் பயாலஜி பிள்ளைகள் ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புகிறார்கள். தவளைச் சூழலியல் படிக்க ஆசைப்படும் பிள்ளை ஒருவருக்குக்கூட எழுதாமல் நேரே கட்டணம் கட்டிவிடுகிறது.

கட்டணம் என்றதும் பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர். பத்து இடம் என்றால் எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடலாம். கட்டண விலக்கு சில இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு, ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் திரும்ப வராது. மதிப்பெண் சான்றிதழை வெளி நிறுவனத்திடம் கொடுத்து மதிப்பீடு வாங்குவதும் பல இடங்களில் தேவையில்லை. ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். அசல் சான்றிதழைச் சேர்க்கை கிடைத்த பிறகுதான் கேட்பார்கள். பத்துக்கு 8.4 என்றால் அப்படியே எழுதுங்கள். அவர்கள் கேட்காமல் அமெரிக்காவின் நான்கு புள்ளி அளவுக்கு மாற்றிப் போடாதீர்கள்.

இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்ப்பதும் தவறுதான். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச் தரும் டி32 என்ற பயிற்சி நிதியை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே பயன்படுத்த முடியும். அதனால் அந்த நிதியை நம்பி நடக்கும் துறைகளில் நமக்கான இடங்கள் குறைவு. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளிநாட்டு மாணவருக்காகத் துறையே கூடுதலாக ஆண்டுக்கு 15,102 டாலர் ஏற்க வேண்டியிருக்கும். ஆகவே பெர்க்லி, சான் டியாகோ, டேவிஸ், லாஸ் ஏஞ்சலிஸ் என்று ஒரே மாநிலத்தில் நான்கைந்து விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து. தனியார் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிறுவனங்களையும் கலந்து வையுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள் என்று துறையின் மாணவர் பட்டியலைத் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

"நான் பயாலஜியே படிக்கலையே" என்று பின்வாங்குபவர்களுக்கு ஒன்று. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பிஎச்.டி முடித்தார். அதன் பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உயிரியல் மாணவராக முதலிலிருந்து தொடங்கினார். 2009-இல், செல்லில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு.

பரிந்துரைக் கடிதங்கள்

விண்ணப்பத்தில் மிக அதிகம் சொதப்பப்படுவது இதுதான். 2017-இல் சேப்பல் ஹில் வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் தங்கள் மாணவர்களின் பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்து, பிளாஸ் ஒன் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் நிறைய ஆய்வுக் கட்டுரை எழுதிய மாணவர்களை ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணாலோ கல்லூரி மதிப்பெண்ணாலோ அடையாளம் காண முடியவில்லை. பரிந்துரைத்தவர்கள் கொடுத்த மதிப்பீட்டில்தான் வித்தியாசம் தெரிந்தது. பல உயிரியல் துறைகள் ஜிஆர்இயைக் கைவிட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் துறை கேட்காதபோது ஜிஆர்இ கோச்சிங்குக்கு ஆறு மாதம் செலவழிக்காதீர்கள். அந்த ஆறு மாதமும் லேபில் இருங்கள்.

நம் ஊரில் பேராசிரியர் சொல்வது: "நீயே எழுதிட்டு வாம்மா, நான் போட்டுடறேன்." இப்படி மூன்று கடிதத்தையும் ஒரே பிள்ளை எழுதினால், மூன்றிலும் ஒரே நடை, ஒரே பாராட்டு. படிப்பவர்களுக்கு இரண்டாவது கடிதத்திலேயே தெரிந்துவிடும். அவரிடம் மறுத்துப் பேச முடியாது, அது எனக்கும் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அவர் லேபில் இருந்தீர்கள், எந்தச் சோதனையை நீங்களே திட்டமிட்டீர்கள், எப்போது மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள். அதை வைத்து அவர் சொந்தமாக நாலு வரி எழுதினாலே கடிதத்துக்கு உயிர் வந்துவிடும். வருகைப் பதிவேட்டில் மட்டும் உங்களைத் தெரிந்த துறைத்தலைவரைவிட, பத்து மாதம் பக்கத்தில் நின்று பார்த்த இளம் கைடு மேல். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும் இடத்தில் "ஆம்" என்றே கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு குறைந்துவிடும்.

என் மூன்றாவது கடிதத்துக்கான லிங்க் பேராசிரியரின் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. டிசம்பர் 3-ஆம் தேதிதான் எனக்குத் தெரிந்தது. அவர் அன்றே அனுப்பினார், துறையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. நவம்பர் 20-க்குள் லிங்க் மூவருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று போன் செய்து கேட்டுவிடுங்கள்.

எஸ்ஓபியில் மறைந்துபோகும் வேலை

ஒரு மாணவியின் எஸ்ஓபி (என்ன செய்திருக்கிறேன், ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) முதலில் இப்படி இருந்தது: "ஈஸ்ட்டில் ஜீன் டெலிஷன், பிசிஆர், வெஸ்டர்ன் பிளாட், மைக்ரோஸ்கோப்பி ஆகியவற்றில் நல்ல அனுபவம் பெற்றேன்." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உட்கார வைத்துப் பேசினேன். விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஒரு ஜீனை நீக்கியதும் செல்கள் 37 டிகிரியில் வளராமல் நின்றிருக்கின்றன. ஜீன் போனதால்தான் என்று லேபே நம்பியது. இவள் அதே ஜீனை ஒரு பிளாஸ்மிடில் (ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும் சிறு டிஎன்ஏ வளையம்) வைத்துத் திரும்பக் கொடுத்தாள். அப்போதும் வளரவில்லை. பிளாஸ்மிடில் கோளாறு என்றார்கள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஸ்ட்ரெயினைச் சாதாரண ஈஸ்ட்டோடு கிராஸ் செய்து, அதில் பிறந்த ஸ்போர்களை, அதாவது வாரிசுச் செல்களை, தனித்தனியாகப் பிரித்து வளர்த்தாள். ஜீன் இல்லாத சில ஸ்போர்கள் 37-இல் நன்றாக வளர்ந்தன. ஜீன் இருந்தும் சில வளரவில்லை. வளர்ச்சி நின்றதற்குக் காரணம் டிஎன்ஏவில் வேறெங்கோ இருந்த இன்னொரு மாற்றம் (மியூட்டேஷன்).

நான்கு மாத வேலை. "அது ஃபெயிலியர்தானே அக்கா" என்று சொல்லி அதை எஸ்ஓபியில் சேர்க்காமலே விட்டிருந்தாள். அதையே முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். இன்டர்வியூக்களில் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது அந்த ஸ்போர்களைப் பற்றித்தான்.

"நான்" என்று சொல்லிக்கொள்வது நமக்குக் கூச்சம். வீட்டிலும் வகுப்பிலும் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். அதனால் எஸ்ஓபி முழுக்க "நாங்கள் செய்தோம், நாங்கள் கண்டறிந்தோம்". படிக்கும் குழுவுக்கு அதில் உங்களைத் தேடிப் பிடிக்க நேரமில்லை. லேப் செய்ததை "நாங்கள்" என்றும், நீங்கள் செய்ததை "நான்" என்றும் பிரித்து எழுதுங்கள். அது தற்பெருமை ஆகாது.

சிறு வயதில் பட்டாம்பூச்சி பிடித்த கதை வேண்டாம். வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் தப்பித் தவறி இருந்துவிடக் கூடாது. பெயர் குறிப்பிடும் பேராசிரியர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

காத்திருக்கும் வாரங்கள்

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை பெரும்பாலான அலுவலகங்கள் மூடியிருக்கும். அழைப்புகள் டிசம்பர் நடுவில் தொடங்கி, பிப்ரவரி வரை தவணை தவணையாகப் போகும். உள்நாட்டு மாணவர்களை விமானத்தில் வரவழைத்து வார இறுதியில் நேரில் பார்ப்பதால் அவர்களை முதலில் கூப்பிடுவது உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல துறைகளில் ஜூம் வழியாக, தனிப் பட்டியலில். ஆகவே வாட்ஸாப் குரூப்பில் ஒருவர் "எனக்கு வந்துவிட்டது" என்று போட்டால், உங்களுக்குக் கதவு சாத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிப்ரவரி முடிந்தும் எதுவும் வராவிட்டால் அந்த இடத்தில் நம்பிக்கை குறைவு என்பதுதான் உண்மை. மறுப்புக் கடிதம் மார்ச், ஏப்ரலில்தான் வரும்.

இந்த நாட்களில் பேராசிரியர்களுக்கு எழுதி நச்சரிக்காதீர்கள். ஜனவரி கடைசியில் புரோகிராம் கோஆர்டினேட்டருக்கு மூன்று வரியில் ஒரு மெயில் போதும். ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டது போன்ற உண்மையான செய்தி இருந்தால் அதையும் அதிலேயே சொல்லுங்கள். விண்ணப்பப் போர்ட்டலையும் ஸ்பாம் பெட்டியையும் காலையில் ஒரு முறை பார்த்தால் போதும். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு விண்ணப்பம் மூலையில் கிடக்கலாம்.

தேதிக் குழப்பத்தால் இன்டர்வியூவையே தவறவிட்டவர்கள் உண்டு. ஜனவரி 14 மதியம் 2 மணி, ஈஸ்டர்ன் நேரம் என்று மெயிலில் இருந்தால், நமக்கு அது ஜனவரி 15 நள்ளிரவு 12.30. மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு இதே 2 மணி நமக்கு இரவு 11.30. பதில் மெயிலிலேயே இந்திய நேரத்தையும் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்டர்வியூ என்பது பெரும்பாலும் சில பேராசிரியர்களுடன் தனித்தனியாக அரை மணி நேரம். அவர்களுடைய கட்டுரைகளை மனப்பாடம் செய்துவிட்டு, சொந்த சோதனையில் ஏன் இந்த கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) வைத்தாய் என்ற கேள்விக்குத் திணறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று தொடருங்கள். அங்கே படிக்கும் மாணவர்களோடு பேச வைத்தால் அதையும் கவனமாகப் பேசுங்கள், அவர்களிடமும் கருத்துக் கேட்பது உண்டு.

சில ஆண்டுகளில் காரணம் நம் கையில் இருக்காது. 2025 தொடக்கத்தில் என்ஐஎச் நிதி ஆட்டம் கண்டபோது பல துறைகள் இடங்களைக் குறைத்தன. மாசசூசெட்ஸில் உள்ள யூமாஸ் சான் மருத்துவப் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த சேர்க்கை அனுமதிகளையே திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு விண்ணப்பித்த பிள்ளைகள் தங்களைத் தாங்களே நொந்துகொண்டதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அவர்களிடம் லேபை விடாமல் அடுத்த டிசம்பருக்குத் தயாராகச் சொன்னேன்.

அனுமதி வந்துவிட்டால் பதறி உடனே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தரும் அனுமதிக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் போகப்போவதில்லை என்று முடிவாகிவிட்ட இடத்தை ஏப்ரல் 15 வரை பிடித்து வைக்காதீர்கள். முடிவான அன்றே மெயில் போட்டு விடுங்கள். அங்கே வெயிட்லிஸ்ட்டில் ஒரு பிள்ளை போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும்.