கேமை நம்பிக் கார் குவிஸில் கோட்டை விடுகிறவர்களுக்கு

மழைக்காலத்து ஞாயிறுகளில் வண்டி எடுத்துச் சுற்ற முடியாது. அதனால் பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் கார் குவிஸ் நடக்கும். கேள்வி என் பொறுப்பு, பரிசு பஜ்ஜி. இதுவரை வந்த சண்டைகளில் பாதி, கார் ரேஸ் வீடியோ கேமில் பார்த்ததை அப்படியே பதிலாகச் சொன்னதால் வந்தவைதான்.

"பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காரில் என்ன இன்ஜின்?" என்று ஒருமுறை கேட்டேன். "வி8!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். V வடிவில் எட்டு சிலிண்டர் என்று அர்த்தம். தப்பு. 2005இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வாண்டட்' கேம் செய்த வேலை இது. அதில் வெள்ளியும் நீலமுமாக வரும் பிஎம்டபிள்யூ, எம்3 ஜிடிஆர். 2001 அமெரிக்கன் லெ மான்ஸ் தொடருக்காக 4 லிட்டர் வி8 பொருத்திய பந்தயக் கார் அது. அடுத்த ஆண்டு விதிகள் இறுகியதும் தொடரை விட்டே போய்விட்டது. ஷோரூமில் வாங்கிய எம்3க்கு 3.2 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். பந்தயக் காரா, தெருவில் ஓடும் காரா என்று கேள்வியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது. பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.

அடுத்து ருஃப். பழைய 'கிரான் டூரிஸ்மோ' கேமில் இந்தப் பெயரோடு வரும் கார்களை ஓட்டியவர்கள், "போர்ஷேயைப் பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள், டூப்ளிகேட்" என்பார்கள். போர்ஷே கார்களைக் கேமில் காட்டும் உரிமம் பல வருடம் வேறொரு கேம் நிறுவனத்திடம் இருந்தது உண்மை. ஆனால் ருஃப் கற்பனைப் பெயர் இல்லை. போர்ஷே உடலை வாங்கித் தன் சொந்த சேஸி எண்ணோடு கார் கட்டும் ஜெர்மன் நிறுவனம் அது. அதன் மஞ்சள் சிடிஆர் 1987இலேயே மணிக்கு 339 கிலோமீட்டர் போனது.

நைட்ரோ விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். பட்டனைத் தட்டினால் கார் ராக்கெட் ஆகிறது. டிரிஃப்ட் அடித்தால், அதாவது வளைவில் சறுக்கி ஓட்டினால், நைட்ரோ வாயு சிலிண்டர் தானாக நிரம்புகிறது. பார்க்கிறவன் நைட்ரோவை, அதாவது நைட்ரஸ் ஆக்சைடை, ஒரு எரிபொருள் என்றே நினைத்துக்கொள்கிறான். அது எரிபொருளே இல்லை. இன்ஜின் சூட்டில் நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, கூடுதல் ஆக்சிஜனைத் தருகிறது. அதோடு திரவம் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகிறது. இத்தனை ஆக்சிஜனுக்கு ஈடாகக் கூடுதல் பெட்ரோலும் போனால்தான் வேகம். பெட்ரோல் குறைந்தால் சூடு எகிறி, பிஸ்டனே உருகி ஓட்டையாகிவிடும். இதைக் கேம் எந்தத் திரையிலும் காட்டாது. காட்டினால் யார் ஆடுவார்கள், சரி.

குதிரைத்திறனில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. நிஸான் ஸ்கைலைன் ஆர்34 காருக்கு ஒருவர் 280 என்பார், இன்னொருவர் 276 என்பார். இருவருக்குமே மார்க் போடுங்கள். முன்னது பிஎஸ் என்ற மெட்ரிக் குதிரைத்திறன், பின்னது பிஎச்பி என்ற பிரிட்டிஷ் அளவு. திறன் ஒன்றுதான். ஜப்பான் நிறுவனங்கள் 280க்கு மேல் சொல்வதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்து 2004 வரை கடைப்பிடித்தன. நிஜ இன்ஜின் அதைவிட அதிகம் கொடுத்த கார்களும் உண்டு.

போன வாரம் நம்மூர்க் கேள்வி ஒன்று வைத்தேன். ரோவர் எஸ்டி1 என்ற பிரிட்டிஷ் கார் படத்தைக் காட்டி, "இதே உடலோடு 1985இல் சென்னையில் வந்த ஸ்டாண்டர்ட் 2000 காருக்கு எத்தனை சிலிண்டர்?" என்றேன். கேமில் ரோவர் ஓட்டிய பையன் உடனே "எட்டு" என்றான். லண்டன் போலீஸே அந்த வி8 ரோவரை வைத்திருந்ததாம், அப்படி ஒரு விளக்கம் வேறு. அப்போது தண்ணீர்த் தொட்டி ஓரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காலத்தில் அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து வேலை பார்த்த மெக்கானிக் அவர்.

"மேலதாண்டா ரோவர். உள்ள ஸ்டாண்டர்டோட பழைய வான்கார்ட் கார் இன்ஜின். நாலு" என்று விரல்களைக் காட்டிவிட்டு, அந்தக் கையாலேயே கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.