பாரிஸுக்குப் போகிறவர்கள் செலே பள்ளத்தாக்கிலும் ஒரு கிழமை நடந்துவிட்டு வாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பிரான்ஸில் ஆளில்லாத வீடு குறைவு. அக்கா, மச்சான், சித்தி என்று யாராவது ஒருவர் அங்கே இருப்பார், விசா கிடைத்துப் போனால் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல், ஈபிள் கோபுரம், பிறகு எல்லோருமாக ஒரு வான் பிடித்து லூர்து மாதா கோயில், அத்தோடு திரும்பிவிடுவோம். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். இரண்டாம் தடவை ஒரு கிழமையை ஒதுக்கி, தென்மேற்கில் ஃபிஜாக் என்ற பழைய பட்டினத்திலிருந்து செலே ஆற்றோடு இறங்கி, அது லொட் ஆற்றில் விழும் இடம் தாண்டி, காஓர் நகரம் வரை நடந்தேன். ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அதை எப்படிச் செய்வது என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏன் இந்தப் பள்ளத்தாக்கு? அந்த நிலம் நமக்குத் தெரிந்த நிலம். மேலே கோஸ் என்று அவர்கள் சொல்லும் மேட்டு நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், பெய்கிற மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும், மேலே வறட்சி, கீழே ஊற்று. கீரிமலையும் நிலாவரைக் கிணறும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வயல் எல்லையில் சாந்தில்லாமல் அடுக்கிய கல் மதிலைப் பார்த்தபோது நெடுந்தீவு வேலிதான் நினைவுக்கு வந்தது. அவர்களுடைய கல் யுராசிக் காலத்தது, நம்முடையது மயோசீன் காலத்தது, அதாவது நம்முடையது வயதில் நன்றாக இளையது. ஆனால் அவர்களுடைய கல்லை ஆறு அறுத்துக்கொண்டு போகிறது, இருபுறமும் செங்குத்தான பாறை. வழுக்கியாற்றை மாரியில் மட்டும் பார்த்த எனக்கு அதுதான் புதிது.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் என்றால் பிந்திவிட்டீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் அவர் தன் ஊர் மாநகர சபையில், மேரி என்று சொல்வார்கள், உங்களை ஏற்பதற்கான கடிதத்தை எடுத்து அனுப்ப வேண்டும், அதற்கு நாள் எடுக்கும் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள். நடக்கும் நாட்களுக்குத் தங்குமிடப் பதிவுகளை அதோடு சேர்த்து, திகதிகள் ஒன்றோடொன்று ஒத்துவரும்படி வையுங்கள்.

போகிற காலம் மே, ஜூன், இல்லாவிட்டால் செப்டெம்பர். பாரிஸ் மாணிக்கப் பிள்ளையார் தேர் ஓகஸ்ட் கடைசியை ஒட்டி வருவதால் பலர் அதற்குத்தான் போவார்கள், அப்படியென்றால் தேரைப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை தெற்கே இறங்குங்கள், சரியாக இருக்கும். ஜூலை, ஓகஸ்டில் வெயிலும் சனமும் கூட.

இனிப் பழக்கம். நம் ஊர் தட்டை, ஏற்றம் இறக்கம் என்பது காலுக்குத் தெரியாது, ஆனால் இந்தப் பாதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மேட்டுக்கு ஏறி மறுபடி ஆற்றுக்கு இறங்கும். ஆகவே இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வெள்ளன எழும்பி நல்லூரிலிருந்து கீரிமலை வரை ஒரு தடவையாவது முதுகுப்பையோடு நடந்து பாருங்கள், அப்புறம் நாலு மாடிக் கட்டடம் ஏதாவது இருந்தால் அதன் படியில் ஏறி இறங்குங்கள், இறங்குவதுதான் முழங்காலை எடுக்கும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன பெரியம்மா ஒருவர் எனக்குச் சொன்ன புத்தி இதுதான்: முதல் மூன்று நாளும் மற்றவர்களை விட மெதுவாக நட. அங்கேயும் அதையே செய்தேன், காலை எட்டு மணிக்கு என்னைக் கடந்து வேகமாகப் போனவர்கள் பின்னேரம் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பை ஏழு எட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு சோடி உடுப்பு, மழைக்கோட்டு, மெல்லிய துவாய், பருத்தி அல்லாத மேஸ் மூன்று சோடி, இரண்டு லீற்றர் தண்ணீருக்குப் போத்தல். சப்பாத்தைப் பாரிஸில் வாங்கி அடுத்த நாளே போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்க வேண்டாம், ஊரிலேயே வாங்கி ஐம்பது கிலோமீற்றராவது பழக்குங்கள். சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோனது பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் எள்ளுருண்டையும். தட்டை வடை உடையாமல் கிழமைக்கணக்கில் இருக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டால் அடுத்த அரை மணி நேரம் ஓடிவிடும். இறைச்சியும் பால் சாமானும் கொண்டுபோகாதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள்.

ஃபிஜாக்குக்குப் பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறி பிரீவ் என்ற நகரில் மாறிப் போகலாம். ஒரு இரவு தங்குங்கள். யாராலும் வாசிக்க முடியாதிருந்த பழைய எகிப்திய எழுத்தை 1822 இல் வாசித்த ஷம்போலியோன் 1790 இல் பிறந்த ஊர் இது. அவருக்கு அதற்கு உதவியது ஒரே செய்தியை மூன்று எழுத்தில் வெட்டிய ரொசெட்டாக் கல். அவர் பிறந்த வீட்டை ஒட்டிய முற்றத்தில் அந்தக் கல்லைப் பல மடங்கு பெருப்பித்துக் கறுப்புக் கல்லில் தரையாகப் பதித்திருக்கிறார்கள், மூன்று எழுத்தின் மேலும் நடந்து போகலாம். நம் தெற்கே காலி நகரில் கிடைத்த, தமிழ், சீனம், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டிய கல் ஞாபகம் வந்து நான் கனநேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

பாதை தவறாது. மரத்திலும் கல்லிலும் வெள்ளைப் பட்டை மேலே, சிவப்புப் பட்டை கீழே என்று அடையாளம் இருக்கும், இரண்டு நிறமும் குறுக்காகப் புள்ளடி போட்டிருந்தால் அந்த வழி இல்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் நடந்தும் பட்டை காணவில்லையென்றால் தயங்காமல் திரும்பி, கடைசியாகக் கண்ட இடத்துக்கே போங்கள். நீண்ட நடைபாதைகளுக்கு அங்கே ஜிஆர் என்று எண் போடுவார்கள். ஃபிஜாக்கிலிருந்து நீங்கள் போவது ஜிஆர் 65, லு புயி என்ற ஊரிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை போகும் சந்தியாகப்பர் யாத்திரைப் பாதை. பெதுவேர் தாண்டி அது மேட்டு வழியாகப் போக, ஜிஆர் 651 பிரிந்து செலே ஆற்றுக்கு இறங்கும். அந்தப் பிரிவில் மட்டும் எண்ணைக் கவனியுங்கள்.

முதல் நாள் எஸ்பஞாக் வரை போகலாம், ஆனால் இருபது கிலோமீற்றருக்கு மேல் வரும், முதல் நாளுக்கு அது கூட, பெதுவேர் பக்கம் தங்கி இரண்டாகப் பிரிப்பது நல்லது. எஸ்பஞாக்கில் பழைய கன்னியர் மடம் ஒன்று, மரச்சட்டமும் செங்கல்லும் சேர்ந்த மணிக்கூண்டு, ஊர் முழுக்கச் சேர்த்தாலும் நம்மூர் ஒரு ஒழுங்கை அளவுதான். அடுத்தது பிரோங். அங்கே பாறை முகத்தில் பாதி உயரத்தில் குகையை அடைத்துச் சுவர் கட்டியிருப்பதைக் காண்பீர்கள், ஆங்கிலேயர் கோட்டை என்பார்கள், இங்கிலாந்தும் பிரான்ஸும் 14, 15 ஆம் நூற்றாண்டுகளில் நடத்திய நூறாண்டுப் போர் காலத்து நினைவு. அதே போர் உடைத்துப்போட்டதுதான் மார்சியாக் மடத்துக் கோயிலும். கூரையில்லாத முன்பகுதியில் புல் முளைத்திருக்கிறது, பின்பகுதியில் இப்போதும் பூசை நடக்கிறது. குண்டுபட்ட கோயில்களையும் தேவாலயங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த வளைவுக்குக் கீழே சும்மா நடந்து போக மாட்டார்கள். ஒரு அரை நாளை அங்கே வையுங்கள்.

கப்ரரேயில் மேலே ஏறினால் பெஷ் மேர்ல் குகை. 1922 இல் இரண்டு பெடியன்கள் உள்ளே தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தது. புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், சுற்றிலும் கையை வைத்து வாயால் நிறம் ஊதிய கையடையாளங்கள், ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முந்தியவை, நகல் இல்லை, உண்மையானவையே. ஒரு நாளைக்கு 700 பேரைத்தான் விடுகிறார்கள், முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் வாசலில் நின்று திரும்ப வேண்டியிருக்கும். உள்ளே குளிர், ஒரு மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

பூஸியேஸில் செலேயை விட்டு லொட் ஆறு. இங்கிருந்து சென் சீர் லபோப்பிக்குப் போகிற துண்டுதான் முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்தது. படகுகளைக் கயிறு கட்டி இழுப்பதற்காகப் பாறையைக் குடைந்து பாதை வெட்டியிருக்கிறார்கள், தலைக்கு மேலே பாறை, ஒரு கை தூரத்தில் தண்ணீர், உளி கொத்திய அடையாளம் விரலுக்குத் தட்டுப்படும். ஊர் ஆற்றிலிருந்து நூறு மீற்றர் உயரத்தில் பாறை விளிம்பில் நிற்கிறது. பகலில் பஸ்ஸில் வரும் கூட்டம் நெரியும், ஆறு மணிக்குப் பிறகு எல்லாம் அடங்கிவிடும், அதனால் இரவு அங்கேயே தங்குங்கள். அங்கிருந்து வேர்ஸ் வழியாகக் காஓருக்கு இரண்டு நாள். கால் ஏலாது என்றால் ஃபிஜாக்குக்கும் காஓருக்கும் இடையே லொட் ஆற்றோரம் பஸ் ஓடுகிறது, செலே பக்கம் மட்டும் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கீழே ஆறு தெரிகிறது என்பதற்காகப் போத்தலைப் பாதியோடு எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறாதீர்கள், மேலே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு சொட்டும் இராது. கிராமங்களில் சேமக்காலை வாசலில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், ‘நோன் பொத்தாப்ள’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது. புல்லுக்குள் நடந்த நாளில் படுக்கமுன் காலையும் முழங்கால் மடிப்பையும் உண்ணி இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். அவசரத்துக்கு 112.

இரவுக்கு ஜீத் என்ற நடையாளர் விடுதி. முந்தின நாளாவது தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். சப்பாத்தை வாசலில் கழற்றுவது அங்கேயும் வழக்கம். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு எல்லோரும் ஒரே மேசையில், பிந்திப் போனால் எடுத்துவைக்க மாட்டார்கள். அந்தப் பகுதியில் வாத்துக் கொழுப்பில்லாத சமையல் குறைவு, மரக்கறிக்காரர் பதிவு செய்யும்போதே “ஜ ன மோன்ஜ் பா த வியோந்த்” என்று சொல்லுங்கள், இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம், முட்டையும் ஆட்டுப்பாற்கட்டியும் வால்நட்டும் வைத்து ஏதாவது செய்து தருவார்கள். பகலுக்குப் பாணை முந்தின நாளே வாங்கி வையுங்கள். ஒரு திங்கட்கிழமை மதியம் நான் போய்ச் சேர்ந்த ஊரில் இருந்த ஒரே கடையும் பூட்டு, திங்களில் பூட்டுவது அங்கே சாதாரணம் என்று எனக்கு அதற்குமுன் யாரும் சொல்லவில்லை. அன்றைக்குப் பருத்தித்துறை வடைதான் கைகொடுத்தது.

காஓரில் வலோந்த்ரே பாலம். 1308 இல் தொடங்கி எழுபது வருடம் வரை இழுபட்ட வேலை. கட்டிய மேஸ்திரி பேயோடு ஒப்பந்தம் போட்டு, கடைசியில் அரிதட்டில் தண்ணீர் அள்ளி வா என்று சொல்லித் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டான் என்று கதை. நடுக்கோபுரத்தின் மேல் மூலையில் ஒரு கல்லைப் பிடுங்க முயலும் பேய் உருவம் இருக்கிறது, 1879 திருத்த வேலையில் வைத்தது, நிமிர்ந்து தேடினால்தான் தெரியும். பாலத்தைக் கடந்து மறுகரையில் கொஞ்சம் நடந்தால் பாறைக்கு அடியிலிருந்து நீலப்பச்சையாய் ஊறி ஆற்றில் சேரும் ஷார்த்ரூ ஊற்று. ரோமர் காலத்துக்கு முன்பே அதைத் தெய்வமாகக் கும்பிட்டிருக்கிறார்கள், காணிக்கையாகப் போட்ட காசுகள் அதற்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. ஆறு நாள் மேலே நடந்தபோது எங்கே போனது என்று தேடிய மழையெல்லாம் இப்படித்தான் வெளியே வருகிறது. காஓர் நகரக் குழாயில் வருவதும் இந்த ஊற்றின் தண்ணீர்தான். ரயில் நிலையம் பாலத்திலிருந்து பத்து நிமிடம், பாரிஸுக்கு நேர் வண்டி ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், போத்தலை நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.