ஒரு கரண்டி மா குறைய, ஓர் அவுன்ஸ் பசுப்பால்

என் மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும். படலையடியில் குந்தியிருந்து, சுட்டுவிரலை எச்சிலில் நனைத்து, செம்மண்ணில் ஒற்றி வாயில் வைப்பாள். நாங்கள் சின்னப்பிள்ளைக் குணம் என்று கையைத் தட்டிவிட்டுக் கழுவிவிடுவோம். கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்து, உள்ளே வெளிறிக் கிடக்கிறது என்று முதலில் சொன்னவர் கிளினிக்கில் நிறை பார்த்த குடும்பநல உத்தியோகத்தர். இரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 8.2. அந்த வயதில் 11 அளவிலாவது இருக்க வேண்டும். பிள்ளையோ கொழுகொழுவென்று இருந்தாள். நாளுக்கு ஒரு லீற்றர் பசுப்பால் குடித்தாள். அந்த ஒரு லீற்றர்தான் காரணம்.

மண் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்று என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். ஒரு லீற்றர் பசுப்பாலில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ அரை மில்லிகிராம். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 7 மில்லிகிராம். கைக்குழந்தைக்கான மாப்பாலில் இரும்பு சேர்த்திருப்பார்கள். பசுவின் மடியில் யாரும் சேர்ப்பதில்லை. அதோடு, பாலால் வயிறு நிரம்பிய பிள்ளை சோற்றுக்கு வாய் திறக்காது. தின்ற கொஞ்சத்தில் உள்ள இரும்பையும் உடல் சரியாக உறிஞ்சப் பாலின் கல்சியம் விடாது. மூன்று மாதம் இரும்புச்சத்துப் பாணி கொடுத்து அவளைத் தேற்றினோம். தம்பிக்காரன் பிறந்தபோது மாப்பாலிலிருந்து பசுப்பாலுக்கு மாற்றுவதை வேறு விதமாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். மாப்பால் என்று நான் சொல்வது கைக்குழந்தைக்கென்றே பேணியில் வரும் மாவைக் கரைத்த பாலை. தேத்தண்ணீருக்குப் போடும் பால்மா வேறு. இரண்டும் வெள்ளை மாவாக இருப்பதால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தேத்தண்ணீர்ப் பால்மா காய்ந்த பசுப்பால்தான். ஒரு வயதுக்குள் அதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. டின்பால் எந்த வயதிலும் குழந்தைக்கு உணவல்ல, அது சீனிப்பாகு.

பசுப்பாலுக்கு ஏன் ஒரு வயது வரை காத்திருக்க வேண்டும்? பசுப்பாலில் உள்ள புரதம் மாப்பாலில் இருப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல், உப்புகளும் அதிகம். கைக்குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது பாரம். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியவும் செய்யும். ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சியில் ஒரு கரண்டி பால், ஒரு வாய் தயிர் என்பதில் குற்றமில்லை. போத்தல் போத்தலாகக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

என் மகன் பிறந்தது 2021 ஆனியில். அவன் பிறந்து மூன்றாம் கிழமை சத்திரசிகிச்சை ஒன்றுக்காக நான் கட்டிலில் கிடந்தேன், பால் வற்றிப்போனது. (பால் இருக்கும் தாய்மார் இரண்டு வயதுக்கு அப்பாலும் தாய்ப்பாலைத் தொடரலாம், நான் எழுதுவது அது வாய்க்காதவர்களுக்கு.) அவனுக்கு ஒன்பது மாதமானபோது பொருளாதார நெருக்கடியால் நாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. யாழ்ப்பாண நகரத்தில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினாலும் அவனுடைய பேணி இல்லை. கொழும்பில் இருக்கும் அக்கா கிடைத்தபோதெல்லாம் ஒன்றிரண்டு வாங்கி இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுவார். விடியற்காலை கோண்டாவில் சந்தியில் நின்று அதைக் கையில் வாங்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்த நாட்களில் மாமி சொன்னார்: “பிள்ளை, இந்த அலைச்சல் எதற்கு? பசுப்பாலில் பாதித் தண்ணீர் கலந்து கொடுத்துவிடு. தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரியில் ஒரு மரத்தடியில் இருந்துகொண்டு உன் கணவனின் தம்பியை நான் ஆட்டுப்பாலில்தான் வளர்த்தேன்.” அவர் சொன்னது உண்மை. கையில் கிடைத்ததை வைத்து ஒரு கைக்குழந்தையை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். அவரோடு வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் வேறு வழியிருக்கும்போது அந்த வழியில் போகத் தேவையில்லை. ஆட்டுப்பாலிலும் இரும்பு மிகக் குறைவு, இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஃபோலேட் என்ற சத்தும் மிகக் குறைவு. தண்ணீர் கலந்தால் புரதம் குறையும், கூடவே பிள்ளைக்கு வேண்டிய கொழுப்பும் சக்தியும் குறைந்துவிடும். மாப்பாலையும் தண்ணீர் கூட்டி நீட்டக் கூடாது.

தண்ணீர் என்றவுடன் நம்மூர்க் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் உரம் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்ற உர உப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லை வகுக்கப்பட்டதே போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்துத்தான். நைத்திரேற்று மிகுந்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம்பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். ஆகவே மாப்பால் கரைக்கும் வீடுகள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பாவியுங்கள், அல்லது சோதித்த வேறு தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாவியுங்கள். பால்காரர் கலக்கும் தண்ணீரும் ஏதோ ஒரு கிணற்றுத் தண்ணீர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் பாலை எங்கே வாங்குவது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் ஒழுங்கை முடிவில் இரண்டு மாடு வளர்க்கும் ஐயா இருக்கிறார். காலையில் நானே செம்பு கொண்டுபோய், கறக்கும்போது பக்கத்தில் நின்று வாங்கினேன். மாட்டுக்கு ஊசி மருந்து போட்டால் அந்தப் பாலைச் சில நாட்களுக்கு எடுக்கக் கூடாது. “போட்டால் சொல்லுங்கள் ஐயா” என்று முதல் நாளே கேட்டு வைத்தேன். அவரும் ஒரு தடவை ஐந்து நாள் என்னை வெறுஞ்செம்போடு திருப்பி அனுப்பினார். அப்படி ஒருவர் அகப்படாதவர்கள் பாஸ்டர் முறையில் சூடாக்கிய பக்கெட் பாலை வாங்கலாம். முழு ஆடைப்பாலாக இருக்க வேண்டும். கொழுப்பு நீக்கியது இரண்டு வயது வரை வேண்டாம். வாசனையும் சீனியும் சேர்த்த பால் வேண்டவே வேண்டாம்.

கறந்த பாலைக் காய்ச்சாமல் ஒரு துளியும் கொடுக்காதீர்கள். காசநோயும் புருசெல்லோசிஸ் என்ற மாட்டுக் காய்ச்சலும் பச்சைப் பாலில் வரும். பால் பொங்கி எழுவதைக் கொதித்ததாக எண்ணிப் பலர் இறக்கிவிடுகிறார்கள். ஆடைக்குக் கீழே ஆவி முட்டுவதால் பால் நன்றாகக் கொதிக்கும் முன்பே பொங்கிவிடும். தணலைக் குறைத்து, அகப்பையால் அடிவரை துழாவி, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு இறக்குங்கள். பாத்திரத்தைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்து விரைவாக ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எனக்கு மின்வெட்டுக் காலத்தில் அது பயன்படவில்லை. காலைப் பாலை மாலையில் மீண்டும் காய்ச்சினேன், அப்போதும் மிஞ்சியதற்கு உறைமோர் விட்டேன்.

இனி மாற்றும் முறை. மகன் ஒரு வயது நிரம்பியபோது ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு 180 மில்லி, அதாவது ஆறு அவுன்ஸ் குடித்தான். எங்கள் பேணியில் 30 மில்லித் தண்ணீருக்கு ஒரு மட்டக் கரண்டி மா. உங்கள் பேணியில் வேறாக இருந்தால் அதன்படி செய்யுங்கள். முதல் மூன்று நாள் காலைப் போத்தலில் மட்டும் ஐந்து கரண்டி மாவை 150 மில்லித் தண்ணீரில் கரைத்து, அதன் மேல் 30 மில்லி காய்ச்சி ஆறிய பசுப்பால் விட்டேன். காலையில் தொடங்கியதற்குக் காரணம், ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் பகல் வெளிச்சத்தில் தெரியும், வைத்தியரிடம் ஓடவும் வசதி. பிறகு எல்லாப் போத்தலிலும் அதே அளவு. அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கரண்டி மாவும் அதற்குரிய 30 மில்லித் தண்ணீரும் குறைய, 30 மில்லி பால் கூடும். ஏறத்தாழ மூன்று கிழமையில் மாவே இல்லை.

இதில் ஒரு தவறு மட்டும் நடக்கவே கூடாது. மாவைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பசுப்பாலில் அல்ல. பாலில் மாவைக் கரைத்தால் உப்பும் புரதமும் அளவுக்கு மிஞ்சிப் பிள்ளையின் உடலில் நீர் வற்றிவிடும். “சத்துக் கூட இருக்கட்டும்” என்று அன்பினால் செய்யும் காரியம் இது. வீட்டில் போத்தல் கலக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு மெதுவாகச் செய்யத்தான் வேண்டுமா என்றால், இல்லை. ஒரு வயது நிரம்பிய ஆரோக்கியமான பிள்ளையை ஒரே நாளிலும் மாற்றலாம். மாப்பால் கொஞ்சம் இனிப்பு, பசுப்பால் அப்படியல்ல. நாக்குப் பழகுவதற்காகவே இந்தப் படிகள். பனங்கட்டி போட்டால் சட்டென்று குடிப்பான் என்றார்கள். போடவில்லை. இனிப்புப் பழக்கத்தை எடுப்பதற்கு இன்னொரு மூன்று கிழமை யார் செலவழிப்பது?

மாப்பாலோடு போத்தலையும் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் மூக்குப்பேணி இருந்தது. கைக்குள் அடங்கும் சிறிய வெள்ளிப் பேணி, சுண்டு விரல் நுழையாத மூக்கு. பெரியவர்கள் போல அண்ணாந்து ஊற்றக் கூடாது, புரைக்கேறும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சற்றே சாய்த்தால் போதும். பால் உதட்டைத் தொட்டு நிற்கும், அவனே உறிஞ்சுவான். முதல் நாள் பாதி என் சேலையில். ஒரு கிழமையில் இரண்டு கையாலும் பேணியைப் பிடித்துக்கொண்டான். மூக்குக்குள் பால் காய்ந்து நிற்கும். போத்தல் சூப்பி கழுவும் சின்னத் தூரிகையால் ஒவ்வொரு முறையும் தேய்த்துச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினேன். மூக்குப்பேணி இல்லாத வீட்டில் சாதாரண சின்னக் கோப்பை போதும்.

அளவுதான் என் மகளிடம் நான் தவறவிட்டது. ஒரு வயதுக்குப் பிறகு நாளுக்கு 350 இலிருந்து 500 மில்லி வரை போதும். தயிர் சாப்பிட்டால் அதையும் கணக்கில் சேருங்கள். நான்கு போத்தலில் இரண்டை முற்றாக எடுத்து, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று நிறுத்தினேன். பாலைச் சாப்பாட்டுக்கு முன் கொடுக்கவே மாட்டேன். எடுத்த இரண்டின் இடத்தில் சோறு வர வேண்டும்: குழையச் சமைத்த சோற்றில் பருப்பு, முருங்கையிலை, முள் எடுத்த விளைமீன், ஒருநாள் முட்டை, கிழமையில் ஒருநாள் கொஞ்சம் ஈரல். ஆறியபின் இரண்டு துளி தேசிக்காய் விட்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும். தேத்தண்ணீரில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதை நிறுத்துங்கள், தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வயதுக்கு மேல் என்று கடையில் விற்கும் “மூன்றாம் இலக்க” மாவுக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு மாத முட்டையும் மீனும் வாங்கலாம்; ஆரோக்கியமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த மா தேவையே இல்லை.

மலம் நிறம் மாறும், சிலருக்குக் கொஞ்சம் இறுகும். பப்பாசிப் பழமும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். இறுகிக்கொண்டே போனால் பால் கூடிவிட்டது என்று அர்த்தம். உடம்பில் தடிப்பு, விடாத வாந்தி, மலத்தில் இரத்தம் கண்டால் பாலை நிறுத்தி வைத்தியரைக் காணுங்கள். முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்கு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, ஒவ்வாமைக்கென்று தனி மாப்பால் குடிக்கும் பிள்ளை, நிறை ஏறாத பிள்ளை ஆகியோருக்கு நான் எழுதிய படிகள் பொருந்தாது. மாற்றும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். மற்றவர்களும் பன்னிரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது நிறையை வளர்ச்சிப் பதிவேட்டில் குறித்து, மாற்றப்போவதைச் சொல்லுங்கள்.

கடைசியாக இரவுப் போத்தல். அதுதான் மிகவும் கடினம். பாலோடு தூங்கினால் முன்பல் சொத்தையாகும் என்று தெரிந்தும் எனக்குக் கை வரவில்லை. ஆடி மாதம், சோளகம் வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த இரவுகள். மாலைப் பாலைப் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்து, பல்லைத் துடைத்து, பிறகு கேட்டால் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். முதல் இரவு ஒரு மணி நேரம் அழுதான், நானும் அழுதேன். இரண்டாம் இரவு மாமி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்தார். ஐந்தாம் இரவு பேணியில் இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அவர் தோளிலேயே தூங்கிப்போனான்.