கேமைப் பொதியும்போது படங்களையும் சேர்த்துக் கட்டுங்கள்

பைத்தான் மொழியில் கேம் எழுத உதவும் பைகேமில் ஒரு கேரம் விளையாட்டு எழுதினேன். வியாசர்பாடியில் என் கணினியில் ஜோராக ஓடியது. பைத்தான் நிரலைத் தனியாக ஓடும்படி பொதிந்து தரும் பைஇன்ஸ்டாலரில் அதை ஒற்றைக் கோப்பாக்கி, தண்டையார்பேட்டை நண்பனிடம் பென் டிரைவில் கொடுத்தேன். கருப்புத் திரை வந்தது, போனது. "இன்னா மச்சான், காயே இல்லாம போர்டு குடுத்துக்கிற?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். பைஇன்ஸ்டாலர் நம் நிரலின் இம்போர்ட் வரிகளைப் பார்த்துத்தான் தேவையானவற்றைச் சேர்க்கிறது. நாம் லோட் செய்யும் படம், ஒலி, எழுத்துரு எதுவும் அதன் கண்ணில் படாது. ஆட்-டேட்டா (--add-data) என்ற ஆப்ஷனில், இவை இருக்கும் அசெட் ஃபோல்டரையும், பொதிக்குள் அது உட்கார வேண்டிய இடத்தையும் நாமே சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் முக்காற்புள்ளி (:). பைஇன்ஸ்டாலரின் பழைய பதிப்பு என்றால் விண்டோஸில் அரைப்புள்ளி (;).

அப்புறம்தான் நிஜத் தலைவலி. ஒற்றைக் கோப்பாகக் கட்டியது ஓடும்போது, உள்ளிருப்பவை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரிக்கப்படுகின்றன. 'அசெட்/காய்' என்று வெறுமனே எழுதினால் நிரல் வேறெங்கோ போய்த் தேடும். நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பைத்தானின் ஃபைல் மாறியிலிருந்து (__file__) முழுப் பாதையைக் கட்டிக்கொள்ளுங்கள், பொதியாமல் ஓட்டினாலும் பொதிந்து ஓட்டினாலும் வேலை செய்யும். கேமை மூடினால் அந்த ஃபோல்டர் அழிந்துவிடும், ஆகவே ஸ்கோரை அங்கே சேமிக்காதீர்கள். (நான் சேமித்தேன்.)

லினக்ஸுக்கும் கொடுப்பதாக இருந்தால் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைச் சரிபாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. சோதனையை மட்டும் பைத்தானே இல்லாத கணினியில் செய்யுங்கள்.