பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் நடை பழக்குவது

எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் காலுக்கு இதமாக இருக்கும், நடை வராது. நடந்து பழகினால்தான் நடை வரும். எழுந்து நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லி, பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்த பிறகு தொடங்குங்கள்.

முதலில் தரை. நம் செட்டிநாட்டு வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் வழவழப்பானது. உள்ளங்காலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கட்டாயம் வழுக்கும். சீயக்காய் போட்டுப் பாதத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு நிற்க வையுங்கள். சாக்ஸ் வேண்டாம். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பே நல்லது.

நடைக்கு முன்னால் எழுந்து நிற்கும் பயிற்சி. முழங்கால் உயரத்துக்கு, ஏறக்குறைய 45 செ.மீ., கை வைத்த நாற்காலி வேண்டும். முடியாதவருக்குச் சமுக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்துங்கள். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, குதிகால்கள் முழங்காலுக்குச் சற்று உள்ளே வரும்படி வைக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், பின்னால் சாய்ந்து விழுவார்கள். “ஆச்சி, நல்லாக் குனிங்க, மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும், இப்ப எந்திரிங்க” என்று சொல்லிக் கொடுங்கள். பாதிக்கப்பட்ட காலை அரை அடி பின்னால் வைத்தால் பாரம் அதில் இறங்கும். இல்லாவிட்டால் நல்ல காலே எல்லா வேலையையும் பார்த்துவிடும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக. ஐந்து ஐந்தாக, ஒரு நாளைக்கு நான்கு வேளை. தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் துண்டை இறுகக் கட்டி அதைப் பிடியுங்கள்.

அடுத்து, வளவுத் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) தூணை நல்ல கையால் தொட்டபடி நின்று, நல்ல காலை மனைப்பலகை மேல் வைத்துப் பத்து எண்ணுவது. அப்போது முழங்கால் பின்னால் வெட்டிக்கொள்ளாமல் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

கைத்தடி நல்ல கையில். பிடி மணிக்கட்டு மடிப்பளவு உயரம். தடி, தளர்ந்த கால், நல்ல கால் என்ற வரிசையில் நடக்க வேண்டும். துணைக்கு நிற்பவர் தளர்ந்த பக்கம், அரை அடி பின்னால். பாதம் தொங்கி விரல் தரையில் உரசினால், காலை வீசி நடக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் முன்பே, பாதத்தைத் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் பாதத் தாங்கி பற்றி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். வளவில் 10 மீட்டர் அளந்து கோடு போட்டு, வாரம் ஒருமுறை நேரம் குறியுங்கள். 25 விநாடிக்கு மேல் ஆனால் இன்னும் வீட்டுக்குள் நடக்கும் அளவுதான்; 12 விநாடிக்குள் வந்தால் கடைத்தெருவுக்குப் போகும் வேகம்.

தலை சுற்றினால் உட்கார வைத்து இரத்த அழுத்தம் பாருங்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தால் நடக்கவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் வீடுகளில் பெரிய தடை நிலைப்படி. தளர்ந்த காலின் விரல் அதில் இடறும். 10 செ.மீ. உயரப் படிக்கு 120 செ.மீ. நீளச் சாய்வுப் பலகை, இருபுறமும், ஆடாமல் பொருத்துங்கள். முகப்புப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் தளர்ந்த காலும் முதலில். கைப்பிடி இல்லாத படியில் இரும்புக் குழாய் பதித்துவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நல்ல கை வரும் பக்கம் மாறும் என்பதால் இருபக்கமும் வேண்டும்.