மருந்து ஆலையில் கிரிட்டிக்கல் செயின்: பஃபர் எங்கே கரைகிறது

ஒவ்வொரு வேலையின் நாள்களையும் பாதியாக்கு, மிச்சமாவதில் பாதியைத் திட்டத்தின் கடைசியில் பஃபராக (தடங்கலுக்கான உபரி நாள்களாக) வை: கிரிட்டிக்கல் செயின் (ஆளும் கருவியும் கிடைப்பதையும் பார்த்து, திட்டத்தின் மிக நீளமான வேலைச் சங்கிலியை மையமாக வைத்துத் திட்டமிடும் முறை) பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் கணக்கு இது. மருந்து ஆலையில் இதை அப்படியே போட்டால் முதல் நாளிலேயே தப்பாகிவிடும். ஆள்கள் பயத்தில் கூட்டிச் சொன்ன நாள்களைத்தான் வெட்டலாம். நுண்ணுயிர் வளர எடுக்கும் நாள்களில் கைவைக்க முடியாது.

ஊசிமருந்து லைனில் ஒரு மீடியா ஃபில் (மருந்துக்குப் பதில் நுண்ணுயிர் வளரும் ஊடகத்தை நிரப்பி, கிருமி நுழைகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டத்தைப் பாருங்கள். புரோட்டோகாலும் (சோதனையை எப்படிச் செய்வது என்ற ஆவணம்) ஒப்புதலும் 12 நாள், தயாரிப்பும் ஓட்டமும் 6, இன்குபேஷன் (நுண்ணுயிர் வளர்கிறதா என்று இதமான சூட்டில் வைத்துக் காத்திருப்பது) 14, அறிக்கையும் ஒப்புதலும் 10, ஆக 42. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பாதியாக்கினால் 21 நாள் வேலை, பத்தரை நாள் பஃபர். தாளில் அழகாக இருக்கும். ஆனால் இன்குபேஷனுக்கு எப்படியும் 14 நாள் வேண்டும். குறைத்த 7 நாளை அது பஃபரிலிருந்து எடுத்துக்கொள்ளும். மீதி மூன்றரை நாள்தான், மற்ற எல்லாத் தடங்கலுக்கும் சேர்த்து. சரியான கணக்கு வேறு: இன்குபேஷனை விட்டுவிட்டு மீதி 28 நாளை 14 ஆக்குங்கள், 7 நாள் பஃபர் வையுங்கள். மொத்தம் 35. ஸ்டெரிலிட்டி டெஸ்டின் (மருந்தில் கிருமி இல்லை என்று பார்க்கும் சோதனை) 14 நாளும், 40 டிகிரியில் 6 மாத ஸ்டெபிலிட்டியும் (மருந்து கெடாமல் இருக்கிறதா என்ற சோதனை) இதே வகை.

புரோட்டோகாலுக்கான அந்த 12 நாளில் எழுதும் வேலை இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். மிச்சமெல்லாம் க்யூஏ (தர உறுதிப் பிரிவு) மேசையில் வரிசையில் கிடக்கும் நேரம். அந்த வரிசையைத் தொடாமல் நாளை மட்டும் குறைப்பது வீண். ஆவணம் வரப்போகிறது என்று சில நாள் முன்பே சரிபார்ப்பவருக்குச் சொல்லிவைக்க வேண்டும். வந்ததும் அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

அடிக்கடி கண்ணில் படாமல் போவது க்யூசி லேப் (மாதிரிகளைச் சோதிக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம்). வேலிடேஷன் (செயல்முறை சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கும் வேலை) மாதிரிகளும் விற்பனைக்குப் போகும் பேட்ச்களும் ஒரே எச்பிஎல்சி (மருந்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி), ஒரே அனலிஸ்ட் கையில்தான் வருகின்றன. பேட்ச் ரிலீஸ் அவசரம் என்றால் ஓரங்கட்டப்படுவது வேலிடேஷன்தான். ஆகவே ஒரு கருவியையும் ஓர் அனலிஸ்டையும் திட்டத்துக்கென ஒதுக்குங்கள். முடியாவிட்டால், உண்மையில் கிடைக்கும் மணிநேரத்தை வைத்துச் சங்கிலியை வரையுங்கள். ஒரே லேபை நம்பி மூன்று திட்டங்களை ஒன்றாகத் தொடங்குவதும் இந்தத் தவறின் இன்னொரு முகம். லேபின் வேகத்துக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். (தினசரி உற்பத்தி அட்டவணைக்கு இந்த முறை பொருந்தாது, அது வேறு கணக்கு.)

ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டுப் பார்க்கும் தூய மாதிரி), எச்பிஎல்சி கருவியில் பொருத்தும் காலம் (column), ஃபில்டர் போன்றவை வந்துசேரும் கிளைகள் முக்கியச் சங்கிலியில் சேரும் இடத்தில் தனி பஃபர் வைக்க மறக்காதீர்கள்.

குறைத்த நாள்களைக் கெடுவாக நடத்துவதுதான் ஆபத்தானது. பாதி வேலைகள் அந்த நாளைத் தாண்டும் என்பதை ஒத்துக்கொண்டுதான் இந்த முறையே நிற்கிறது. தாண்டியவரைக் கேள்வி கேட்டால், அடுத்த முறை நாளைக் கூட்டிச் சொல்வார். அதைவிட மோசம், பதிவைப் பிறகு நிரப்பி முன்தேதி போடுவார். தேதியைக் கேட்காமல் "இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கி?" என்று தினமும் கேளுங்கள். சங்கிலி 30 சதவீதம் முடிந்து பஃபர் 60 சதவீதம் போயிருந்தால் அன்றே தலையிடுங்கள்.

ஓஓஎஸ் (குறித்த வரம்புக்கு வெளியே போன) முடிவு வந்தால் விசாரணை முடியும்வரை பஃபர் கரையட்டும், காரணத்தைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். பஃபரைக் காப்பாற்ற, பாஸ் ஆகும்வரை மறுபரிசோதனை செய்தால் தணிக்கையில் அந்த பேட்சே நிற்காது.