தோட்டத்துல புலி தடம் பாத்தா என்ன பண்ணணும்

மலேசியாவுல பேராக் கிரிக் மாதிரி காட்டோரமா இருக்கிற தோட்டத்துல தடம் பாத்தா முதல்ல நகக்குறி இருக்கான்னு பாருங்க, இருந்தா அனேகமா நாய்தான், இல்லாம உருண்டையா பெருசா இருந்தா அளவு தெரிய பக்கத்துல சிலிப்பர வச்சு போட்டோ எடுத்து வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தானுக்கு அனுப்புங்க, வாட்சாப்ல பரப்பி ஊரையே கெளப்பாதீங்க லா.

ரப்பர் பால்மரம் சீவ நல்லா விடிஞ்சப்புறம் ரெண்டு பேரா பேசிக்கிட்டே போங்க. குனிஞ்சு உக்காராதீங்க. நேர்ல பாத்துட்டா ஓடக்கூடாது, முதுகையும் காட்டக்கூடாது, மெதுவா பின்வாங்கணும்.

ஆடு மாட்ட ராத்திரி கூரை போட்ட கொட்டாய்ல அடைங்க, நாயையும் சேத்துதான்.

பன்றிக்குன்னு கம்பி சுருக்கு வைக்கிறது குத்தம், 2010 வனவிலங்கு சட்டத்துலயே இருக்கு. அதுல மாட்டி கால் போன புலிக்கு மான் புடிக்க முடியாது, அப்புறம் நம்ம ஆட்டுக்குதான் வரும். மலேசியக் காட்டுல மிச்சம் இருக்கிற புலியே 150க்கும் கம்மி.